முப்பத்தெட்டுக் குழிகளையும் மறைக்காமல் சொன்னவருக்கு

ஸ்காபரோ, வெக்ஸ்போர்ட் 'வெள்ளிச்சில்லு' விளையாட்டு மண்டபத்தின் தகவல் மேசைப் பொறுப்பாளராகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திருமதி எமில்டா அகஸ்ரின் அவர்களுக்கு உடன் பணியாற்றியோர் உவந்தளிக்கும் மடல்

மன்னார் மண் ஈன்ற மாண்புறு மாதரசியே! மேசைக்கு மேசை நடந்து மெய்யுரைத்த மேன்மைமிகு அன்ரியே! சீட்டுக்கும் சில்லுக்கும் நடுவே சிந்தை சிதறாது நின்ற சீர்மிகு சீமாட்டியே! வணக்கம்.

இதற்கு மேலும் இந்த நடையில் போனால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். "பிள்ளையள், மடல் எழுதுறதெண்டால் எழுதுங்கோ. ஆனால் சனத்துக்கு விளங்கிற மாதிரி எழுதுங்கோ" என்று போன கிழமையே கட்டளை போட்டுவிட்டீர்கள். மேலே உள்ளவை மரபுக்காக எழுதியவை. இனி விஷயத்துக்கு வருகிறோம். இடையிடையே மோனை வந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கை பழகிவிட்டது.

வாய்மை வழுவாத எங்கள் அன்ரியே! தொண்ணூற்று நான்காம் ஆண்டு நீங்கள் இந்த மண்டபத்துக்கு வந்தபோது, உங்களுக்கு என்ன வேலை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முதலாளிக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். மண்டபத்தின் உரிமத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு விளையாட்டிலும் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு, தோற்கும் ஆபத்து எவ்வளவு, பழக்கம் முற்றிப்போனால் எங்கே உதவி கேட்கலாம் என்பவற்றை, வருகிறவர் காசு வைப்பதற்கு முன்னரே, அவர் கண்ணில் படும் இடத்தில், அவருக்கு விளங்கும்படி அறிவிக்க வேண்டும். கேட்டால் ஊழியர் விளக்கவும் வேண்டும். இதற்காக முதலாளி ஒரு மேசையும் ஒரு கதிரையும் வாங்கி, கோப்பி மெசினுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் போட்டு, உங்களை அதில் இருத்தினார். சட்டம் கேட்டது, ஆள் வைத்தாயிற்று என்பதோடு அவர் கணக்கு முடிந்தது.

நீங்கள் அந்தக் கதிரையில் இருந்ததை நாங்கள் அதிகம் கண்டதில்லை. சீட்டு மேசையில் புதிதாக ஒருவர் வந்து அமர்ந்தால், பின்னால் போய் நின்று, "தம்பி, இந்த விளையாட்டு உங்களுக்குத் தெரியுமோ? நான் சொல்லட்டோ?" என்று கேட்பீர்கள். கவுண்டரில் காசை விளையாட்டுச் சிப்ஸ் வில்லைகளாக மாற்றிக் கொடுக்கும்போது 'குட் லக்' என்று சொல்லும் எங்கள் பழக்கத்தைப் பிடுங்கி எறிந்ததும் நீங்கள்தான். "அது எங்கட கையிலை இல்லாத சாமான். இல்லாததை ஏன் குடுக்கிறியள்?" என்றீர்கள். இப்போது நாங்கள் 'கவனம்' என்று சொல்கிறோம். ஆங்கிலக்காரர் வந்தாலும் வாயில் அதுதான் வருகிறது.

எம் உள்ளங்கவர் அன்ரியே! உங்கள் சேவையைச் சொல்ல வந்தால் செல்வரட்ணத்தைச் சொல்லாமல் முடியாது. தன் பெயரைப் போட்டே எழுதச் சொன்னவரும் அவர்தான். பக்டரி வேலை முடிந்ததும் நேரே ரூலெட் என்கிற சுழல்சில்லு மேசைக்கு வந்துவிடுவார். மனைவி றோசலினும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் முடிந்து விசாவும் கிடைத்துவிட்டது, விமான ரிக்கற் எடுத்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த ரிக்கற் காசுதான் எங்கள் சில்லில் சுற்றிக்கொண்டிருந்தது. விசாவுக்கும் ஒரு முடிவுத் திகதி உண்டு. அதற்குள் ரிக்கற் போகாவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"பதினேழு கனநாளா விழேல்லை அன்ரி. இனி அது விழத்தானே வேணும்?" என்பார் அவர்.

"ஆர் சொன்னது? சில்லு என்ன, உங்களுக்குக் கடன்பட்டுக் கிடக்கோ?" என்பீர்கள் நீங்கள்.

அவர் சிரித்துவிட்டு மறுபடியும் பதினேழில் வைப்பார். தகவல் மேசை அன்ரி தன் வேலைக்காகச் சொல்கிறார் என்பது அவர் நினைப்பு. எழுத்தில் இருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ. எழுத்திலும் இருக்கத்தான் செய்தது. அந்தக் கதையையும் இந்தச் சபையில் சொல்லிவிட வேண்டும். அருள்நாயகம் மாஸ்டர் முன்வரிசையில்தான் இருக்கிறார், கோபிக்க மாட்டார் என்று நம்புகிறோம்.

தமிழர் கூட்டம் கூடியபோது அறிவித்தலைத் தமிழிலும் வைக்க வேண்டும் என்று வந்தது. முதலாளி மாஸ்டரிடம் ஓடினார். ஸ்காபரோவில் மணிவிழாவா, அரங்கேற்றமா, கோயில் கும்பாபிஷேகமா, எதற்கும் மடல் எழுதுகிறவர் மாஸ்டர். அவர் இதையும் அப்படியே எழுதினார். 'செல்வமும் சிறப்பும் சேரச் சீருடன் வருகை தரும் செம்மனச் செம்மல்காள்!' என்று தொடங்கியது. வெல்லும் வாய்ப்பைப் பற்றிய சேதி ஆறாவது பந்தியில், பன்னிரண்டு வரி நீண்ட ஒரே வசனத்தின் வால்பக்கத்தில் இருந்தது. சுற்றிவரத் தங்கநிறச் சட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே அன்னம். வாசலில் மாட்டினார்கள். தைப்பொங்கலுக்கு யாரோ அதற்கு மாலையும் போட்டார்கள்.

எங்கள் சனத்துக்குச் சட்டம் போட்ட மடலைத் தெரியாதா? ஒவ்வொரு வீட்டு வரவேற்பறையிலும் ஒன்று தொங்குகிறது. யாராவது நின்று வாசித்ததைக் கண்டதுண்டா? மரியாதையாகப் பார்த்துவிட்டு நடப்போம். இதையும் அப்படியே பார்த்துவிட்டு நடந்தார்கள். ஒரு தம்பதி அதன் முன்னால் நின்று படமும் எடுத்தார்கள். 'இதை ஒருவரும் வாசிக்கிறதில்லை' என்று நீங்கள் முதலாளியிடம் எத்தனையோ முறை சொன்னீர்கள். "வடிவாத்தானே கிடக்கு எமில்டா, இருக்கட்டும்" என்பதுதான் அவர் பதில்.

பிறகு மாகாணப் பரிசோதகர் வந்தார். நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவர் வாசலில் தொங்கிய சட்டத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். வாய்ப்பும் ஆபத்தும் பற்றிய தமிழ் அறிவித்தல் என்று முதலாளி பெருமையோடு சொன்னார். அந்த அம்மா கெட்டிக்காரி. முதலாளியிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே வந்து, சில்லு மேசையில் இருந்த செல்வரட்ணத்தைக் காட்டி, "வாசலில் இருப்பதில் என்ன எழுதியிருக்கிறது என்று இவரைக் கேளுங்கள்" என்று உங்களிடம் சொன்னார்.

நீங்கள் கேட்டீர்கள். செல்வரட்ணம் சில்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "உதோ? உது முதலாளிக்கு ஆரோ குடுத்த பாராட்டு மடல் எல்லோ?" என்றார்.

அந்த நேரம் முதலாளி உங்களைப் பார்த்த பார்வை எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. தமிழ் தெரியாத பரிசோதகர். நீங்கள் எதை மொழிபெயர்த்தாலும் அதுதான் பதில். 'சில்லில் வெல்வது கடினம் என்று எழுதியிருக்கிறதாம்' என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால், அன்று எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். நீங்கள் செல்வரட்ணம் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். அறிவித்தலைத் திருத்தும் வரை சில்லைச் சுற்றக் கூடாது என்று உத்தரவு வந்தது. "உங்களுக்கும் இனி இங்கை வேலை இல்லை எண்டு நினையுங்கோ" என்று முதலாளி கத்தினார். உங்களை நிற்பாட்டினால் உரிமமும் நிற்கும் என்பது அவருக்கு அடுத்த நாள்தான் விளங்கியது. பரவாயில்லை. இன்றைய கட்லட்டும் ரோல்சும் அவருடைய செலவு.

துணிவின் உறைவிடமே! நாங்கள் சொல்ல வந்த பெருமை அதுவல்ல, அதற்குப் பிறகு நடந்ததுதான். சில்லு நின்றதும் செல்வரட்ணம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றார். நீங்கள் அவரைக் கூப்பிட்டு உங்கள் கதிரையில் இருத்தினீர்கள். ஒரு வெள்ளை மட்டையை எடுத்து, தடித்த கறுப்பு மார்க்கரால் எழுதத் தொடங்கினீர்கள். "தம்பி, ஒவ்வொரு வரியா வாசியுங்கோ. விளங்காட்டில் சொல்லுங்கோ, மாத்துவம்" என்றீர்கள். அவர் வாசித்தார். விளங்காத இடத்தில் நிறுத்தினார். நீங்கள் வெட்டினீர்கள், திரும்ப எழுதினீர்கள். முடிவில் வந்தது இது:

'இந்தச் சில்லில் முப்பத்தெட்டுக் குழிகள் இருக்கின்றன. நீங்கள் காசு வைத்த இலக்கத்துக்கு ஒரு குழி. மற்ற முப்பத்தேழும் உங்களுடையவை அல்ல. வென்றால் முப்பத்தைந்து மடங்குதான் தருவோம், அந்த வித்தியாசம் மண்டபத்துக்கு. போன முறை எது விழுந்தது என்று சில்லுக்கு ஞாபகம் இருக்காது. அதிக நேரம் விளையாடினால் மண்டபம்தான் வெல்லும். நிறுத்த முடியவில்லை என்றால் கீழே உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். பெயர் கேட்க மாட்டார்கள்.'

மூன்றாவது வரியில் அவர் நின்றுவிட்டார். திரும்ப வாசித்தார். "விளங்கேல்லையோ?" என்று நீங்கள் கேட்டீர்கள். "விளங்குது அன்ரி" என்றார். பிறகு, "றோசலினுக்கு நான் என்னெண்டு சொல்லுறது? நான் காசு சேர்க்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறாள்" என்று அழுதார். நீங்கள் புத்தி சொல்லவில்லை. மேசைத் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளி, உங்கள் கைப்பையிலிருந்து வெளிநாட்டுக்கு எடுக்கும் போன் காட்டை எடுத்து வைத்து, "இதையே வாசிச்சுக் காட்டுங்கோ" என்றீர்கள். அவர் அந்த மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்புக்கு வாசித்தார். மறுபக்கத்தில் றோசலின் என்ன சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியாது.

அன்றே அவர், தன்னை இனி உள்ளே விட வேண்டாம் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தார். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். நீங்கள் விடமாட்டீர்கள். மாசி மாதப் பனிக்குள் ஒருநாள் அவர் திரும்பி வந்தார். வாசலில் நின்று கெஞ்சினார். நீங்கள் கோட்டும் போடாமல் வெளியே போய், லோறன்ஸ் பஸ் வரும் வரைக்கும் அவரோடு தரிப்பிடத்தில் நின்றீர்கள். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டோம். "ஒண்டும் கதைக்கேல்லை. பஸ் ஏன் இவ்வளவு சுணங்குது எண்டு ரெண்டு பேரும் பேசினம்" என்றீர்கள். பிறகு ஒரு கிழமை இருமினீர்கள். அந்தக் கிழமைதான் உங்களை எவ்வளவு நேசிக்கிறோம் என்று எங்களுக்குத் தெரிந்தது.

அந்த மட்டை அன்றிலிருந்து சிப்ஸ் கவுண்டரில்தான் இருக்கிறது. காசு மாற்ற வருகிறவர் அதற்கு மேலால்தான் கையை நீட்ட வேண்டும், வாசிக்காமல் தப்ப முடியாது. வாசித்துவிட்டு விளையாடுகிறவர்களும் உண்டு, அது அவர்கள் விருப்பம். வாசித்துவிட்டுக் காசைத் திரும்பப் பொக்கற்றில் வைக்கிறவர்களும் உண்டு. மாஸ்டரும் ஒருநாள் வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டு அதை முழுவதும் வாசித்தார். "பிழை பிடிக்க ஒண்டும் இல்லை. ஒரு வணக்கம் சொல்லித் தொடங்கியிருக்கலாம்" என்றார். நீங்கள் உடனே மார்க்கரை எடுத்து, மேலே 'வணக்கம்' என்று எழுதினீர்கள். இன்று இந்த மடலுக்குப் போட்டிருக்கும் தங்கநிறச் சட்டம் வாசலில் கழற்றியதை மாஸ்டர் கொண்டுபோய் வைத்திருந்து திருப்பிக் கொடுத்த அதே சட்டம்தான். அன்னமும் இருக்கிறது. அஜக்ஸில் உங்கள் மகளின் புதுவீட்டு வரவேற்பறையில் மாட்டி, வருகிறவர்கள் வாசிக்காமல் கடந்து போனால் கவலைப்படாதீர்கள். எழுதிய எங்களுக்கு விளங்கும்படி எழுதியிருக்கிறோம்.

எங்கள் அன்புக்குரிய அன்ரியே! இந்த இடத்தில் 'நூறாண்டு வாழ்வீர், நோயின்றி வாழ்வீர்' என்று எழுதுவது வழக்கம். எழுதினால், "ஆர் சொன்னது?" என்று கேட்பீர்கள். இல்லாததைக் கொடுக்கக் கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்தவர் நீங்கள். ஆகையால், நீங்கள் நெடுங்காலம் சுகமாக இருக்க வேண்டும் என்று மனமார ஆசைப்படுகிறோம் என்று மட்டும் எழுதுகிறோம். இதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

இனிப் பொன்னாடை. முதலாளிதான் போர்த்துவதாக நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது. அதை மாற்றிவிட்டோம், உங்களுக்குச் சொல்லவில்லை. ஐந்தாவது வரிசையில் செல்வரட்ணத்துக்குப் பக்கத்தில், மகளை மடியில் வைத்துக்கொண்டு, பச்சைச் சேலையில் இருக்கும் பெண்ணை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். செல்வரட்ணம் காசு சேர்த்து அனுப்பிய ரிக்கற்றில், விசா முடிவதற்கு முன்னரே, போன புதன்கிழமை வந்து இறங்கினார். உங்கள் குரலைக் கேட்டதில்லை, நீங்கள் எழுதியதைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறார்.

றோசலின், மேடைக்கு வாருங்கள்.

இங்ஙனம்,
உங்களிடம் 'கவனம்' என்று சொல்லப் பழகிய
வெள்ளிச்சில்லு மண்டப ஊழியர்கள்

(எல்லார் சார்பிலும் எழுதியவர்: கிளடிஸ், சிப்ஸ் கவுண்டர்)
ஸ்காபரோ, ஐப்பசி 1998