ஏறாத வரி

இல்லக்கா, கலெக்டர் ஆபீஸ்ல எனக்கு டைப் அடிக்கிய வேலை இல்ல. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கியாவ. பஸ் எடுக்கப் போறான், நீங்க சன்னல் பக்கம் இருங்க, எனக்குக் காத்து வேண்டாம்.

டைப் அடிச்சா பத்து நாளாவும், கேட்டியளா. போன வருசம் புயல் அடிச்சப்ப, எந்த வள்ளத்துல யாரு யாரு கடலுக்குப் போனாவன்னு எங்க ஆபீசுக்கு ஊர் ஊரா ஃபைல் வந்து விழுந்துது. அறுபத்தி மூணு ஃபைல். அதெல்லாம் ஒரே டேட்டாபேஸ்ல ஏத்தினாத்தான் தேடப் போறவியளுக்கு லிஸ்ட் குடுக்க முடியும். நான் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். கம்ப்யூட்டருக்கு வரிசையாச் சொல்லிக் குடுக்கியதுதான், வேற ஒண்ணுமில்ல. இந்த ஃபைலை எடு, ஏத்து, அடுத்ததை எடுன்னு. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுன்னு திரையில வந்துட்டு. ஆபீசரும் அப்பதான் மூச்சு விட்டாரு.

ஏறாத வரி இருந்தா அது தனியா ஒரு ஃபைல்ல கெடக்கும். அப்படி எழுதி வச்சதும் நான்தான். அதைத் தொறந்து பாக்கல்ல. ஒறக்கமில்ல, சாப்பாடில்லன்னு என்னவெல்லாமோ சொல்லலாம். பாக்கல்ல, அவ்வளவுதான்.

ஏத்தி நாலாம் நாளு காலையில ஆபீசுக்கு ஒரு பொம்பள வந்தா. இர்ஷாதான்னு பேரு, தேங்காப்பட்டணம். அவளுக்க மாப்பிள பாவா போன வள்ளம் லிஸ்டுல இல்லன்னு சொன்னா. பெறவுதான் அந்த ஃபைலைத் தொறந்தேன். ஒம்பது பேரு கெடக்கியாவ, எல்லாம் ஒரே வள்ளம். வள்ளத்துக்க பேருக்கு நடுவுல யாரோ ஒரு கமா போட்டிருக்காவ. கமா வந்தா அடுத்த கட்டம்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கிடும், எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப் போவும். அதை அழிச்சிட்டு ஏத்தினேன். ஒரு நிமிசம் ஆவல்ல.

தேடப் போனவிய மறுநாளே அந்த வள்ளத்தைக் கண்டுபிடிச்சிட்டாவ. எட்டு பேரு உயிரோட வந்தாவ. பாவா மட்டும் உயிரோட இல்ல. முந்தின நாளு மத்தியானம் வரைக்கும் பேசிட்டுதான் கெடந்தாராம்.

ஆபீசரு, கடல்ல நடக்கியதுக்கு யாரு என்ன செய்ய முடியும்னு கேட்டாரு. பெறவு ஆபீஸ்ல யாரும் அதைப் பத்திப் பேசல்ல.

இல்லக்கா, அவ ஏசல்ல. ஏசியிருந்தா தேவல. மாசா மாசம் போன் போடுவா. நந்தனா, நீ தேடி எடுத்ததுனாலதானே மக்களே எனக்கு அவருக்க மய்யித்தாவது அடக்கக் கெடச்சுதும்பா. பெருநாளைக்குப் பிரியாணி குடுத்து விட்டா. நான் அதை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்.

அவருக்க பேரு நாலு நாளா எனக்க கம்ப்யூட்டர்லதான் கெடந்துதுன்னு அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் போறேன். இதுக்கு முன்ன ரெண்டு தடவ பஸ் ஏறி, பாதி வழியில குளச்சல்லயே எறங்கித் திரும்பிட்டேன்.

நீங்க தேங்காப்பட்டணம் வரைக்கும் கூட வருவியள்லாக்கா?