யாரும் கேட்காத காணி

குத்துகிற சத்தம் கேட்கிறது. தெற்கில். ஷெல் குழாயை விட்டுக் கிளம்பும் சத்தத்தை அப்படித்தான் சொல்வோம். முதலில் ஒன்று. உடனே இரண்டு. பிறகு கூவல். நீளமாகக் கூவினால் தலைக்கு மேலால் போய்விடும். கூவல் சட்டென்று அறுந்தால் இங்கேதான்.

அறுந்தது.

"படுங்கோ! தலையை நிமிர்த்தாதேங்கோ!"

பங்கருக்குள் கிடக்கிறேன். வாயில் மணல். இரண்டாயிரத்து ஒன்பது, பங்குனி மாதம். முல்லைத்தீவுக் கரையில் எங்கள் ஊர். பங்கர் என்றால் கடற்கரை மணலில் இடுப்பளவு வெட்டிய குழி. அதற்குக் கீழே வெட்டினால் தண்ணீர் ஊறும். மேலே தென்னங்குற்றிகள். சுற்றிவர மண்மூட்டைகள். உரப்பைகள் முடிந்துவிட்டன. பெண்கள் சேலைகளை வெட்டிப் பை தைத்தார்கள். நான் அதுவரை பத்திரிகை நிருபர். பத்திரிகை நின்றுவிட்டது. பார்க்கிற பழக்கம் நிற்கவில்லை. பச்சை, ஊதா, மஞ்சள், சரிகைக் கரை. எல்லாம் மண் நிரம்பிக் கிடந்தன.

பக்கத்துப் பங்கர் ஜெசிந்தாவுடையது. தன் கூறைச்சேலையையும் வெட்டியிருந்தாள். கடும் சிவப்பு. அவள் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறாள். உள்ளே மகள் நிரோஜினி. ஆறு வயது.

ஷெல் அந்தப் பங்கரின் வாசலில் விழுந்தது. புகை அடங்கியதும் எட்டிப் பார்த்தேன். மூட்டைகள் உள்ளே சரிந்திருந்தன. ஜெசிந்தா ஓடி வந்தாள். தண்ணீர்க் கானைக் கீழே போடவில்லை. பிள்ளையின் காதுக்குக் கீழே சின்னக் காயம். வேறு காயம் இல்லை. உயிரும் இல்லை.

தூக்கிக்கொண்டு போக இடம் இல்லை. அடுத்த குத்துச் சத்தம் கேட்டுவிட்டது. அந்த நாட்களில் எல்லோரும் செய்ததைச் செய்தோம். பதுங்கியிருந்த குழியிலேயே பிள்ளையை வைத்தோம். மூட்டைகளை அவிழ்த்து மண்ணைக் கொட்டினோம். சிலுவை நட ஒரு தடி தேடினேன். கிடைக்கவில்லை. அந்த வரிசையில் வேறு பங்கர்களும் அப்படி மூடப்பட்டன. வெயில் சாயுமுன் எல்லோரும் அங்கிருந்து நடந்துவிட்டோம்.

இப்போது துபாயில், தேராவில் இருக்கிறேன். ஓர் அச்சகத்தில் விளம்பரத் துண்டுகளுக்குப் பிழை பார்க்கிறேன். ஊர் ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில். ஜெசிந்தா ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. கணவன் போரிலேயே காணாமல் போனவன்.

சென்ற ஆண்டு ஊரிலிருந்து செய்தி வந்தது. போர் நடந்த இடங்களில் மக்கள் மறுபடி எழுந்து நிற்பதற்கென்று பல நாடுகள் பணம் போட்டு ஒரே நிதியாகச் சேர்த்திருக்கின்றன. அதிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு வேலை. மீன் இறங்குதுறை. அதோடு ஓர் ஐஸ் அறை. நிதியின் அலுவலர் ஒருவர் துபாயில் நடந்த மாநாட்டுக்கு வந்தார். சென்னைப் பெண். இளம் வயது. வெளிநாட்டில் இருக்கும் ஊராரையும் கேட்க வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பர் துபாயிலிருந்து அப்ராப் படகில் இக்கரைக்கு வந்தார். தேராவில் ஒரு சாப்பாட்டுக்கடை மாடியில் கூடினோம்.

ராசன் ஜெபல் அலி தொழிலாளர் கேம்பிலிருந்து வந்திருந்தான். ஊரில் கடற்றொழில். இங்கே வெல்டர். பிடித்த மீனை ஐஸ் இல்லாமல் மத்தியானத்துக்குள் வந்த விலைக்குக் கொடுத்துத் தோற்றவன். ஐஸ் அறை வந்தால் ஊருக்குப் போய்விடுவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அன்று நல்ல உற்சாகம்.

"ஐஸ் வைக்கக் கட்டடம் வருது. மீன் பிடிக்கிற நாங்கள் இஞ்ச வெல்டிங் அடிக்கிறம். ஆர் பிடிச்சு வைக்கிறது, கஃபீலோ?"

கஃபீல் என்றால் எங்கள் விசாவுக்குப் பொறுப்பான அரபு முதலாளி. சிரித்தார்கள். அலுவலரும் சிரித்தார். மடிக்கணினியைத் திருப்பிப் படத்தைக் காட்டினார். மேலிருந்து எடுத்த படம். வெண்மணல். தலையில்லாத தென்னைகள். நடுவே சிவப்புக் கோட்டில் ஒரு பெட்டி.

"இதுதான் சைட். ஊர்க் குழுவில இருக்கிற இளைஞர்கள் காட்டின இடம். மத்த இடத்துக்கெல்லாம் ரெண்டு மூணு பேர் உரிமை கேக்கறாங்க. இதுக்கு மட்டும் யாருமே வரல. இத்தனை வருஷமா ஒரு குடிசைகூட இல்ல. பிணக்கே இல்லாத நிலம் கிடைக்கறது அபூர்வம் சார்."

தேநீர்க் கோப்பைகள் மேசையில் வைக்கப்படும் சத்தம். ஒன்று. இன்னொன்று. பிறகு எல்லாம். சிவப்புப் பெட்டிக்குள், மணலில், வரிசையாக அமிழ்ந்த பள்ளங்கள்.

குழுவின் இளைஞர்களுக்குத் தெரியாது. அப்போது கைப்பிள்ளைகள். பெரியவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை என்று மட்டும் தெரியும். ஏன் என்று பெரியவர்கள் சொன்னதில்லை.

ஜெசிந்தா எழுந்தாள்.

"தங்கச்சி, அது சும்மா கிடக்கிற காணி இல்லை. என்ர பிள்ளை அதுக்குள்ள கிடக்கிறாள்."

தோஹாவில் நஜ்மா பகுதியிலிருந்து ஒருவர் போனில் இணைந்திருந்தார். "என்ர மனுசியும்" என்றார்.

அலுவலர் ஒளிக்கவில்லை. எலும்பு இருக்கிறதென்று தெரிந்தால் நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும். வேலை நிற்கும். ஆண்டு முடிவுக்குள் தொடங்காத வேலையின் பணம் பொது நிதிக்கே திரும்பும். வேறொரு நாட்டில், போர் கண்ட வேறோர் ஊருக்குப் போகும். தோண்டி எடுக்க இந்த நிதியில் இடம் இல்லை. இது உயிரோடு இருப்பவர்களுக்கான பணம்.

"வேற இடம் மாத்தேலாதோ மேடம்?" என்று கேட்டான் ராசன்.

"எல்லா இடத்துக்கும் வழக்கு இருக்கு. தேடிப் பாத்துட்டோம்."

அவன் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நாங்கள் வாய் திறக்காட்டி கட்டிப்போடுவினம். மேல சீமெந்து போட்டா ஒருத்தரும் கிண்டமாட்டினம். பிள்ளை நிம்மதியாக் கிடப்பாள்."

"மீன் கழுவின தண்ணி அவளுக்கு மேலால ஓடும்."

"என்ர மகனுக்கு ஏழு வயசு. போனுக்குள்ளதான் அப்பனைத் தெரியும்."

"உனக்குப் போனுக்குள்ளயாவது இருக்கிறான்."

சொல்லிவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. கீழே யாரோ இந்தியில் பரோட்டா ஆர்டர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குளிரூட்டி இரைந்தது.

"நிப்பாட்டச் சொல்லேல்ல தங்கச்சி. கிண்டுங்கோ. எடுத்துத் தாங்கோ. கல்லறை ஒண்டு கட்டிப்போட்டு, அதுக்குப் பிறகு உங்கட ஐஸ் அறையைக் கட்டுங்கோ" என்றாள் ஜெசிந்தா.

அலுவலர் தலையைக் குனிந்தார். "என்னால அது முடியாது அக்கா. இதை நான் எழுதணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

பதில் சொன்னது ராசன்.

"எழுதுங்கோ மேடம். தெரிஞ்ச பிறகு அதுக்குள்ள நிண்டு ஐஸ் உடைக்க என்னால ஏலாது."

அவர் எழுதினார். எழுதும்போது கேட்டார்: "எத்தனை பேர்?"

அவரவர் குழியை மட்டும் சுமந்திருந்தோம். வரிசையை ஒருவரும் கூட்டிப் பார்த்ததில்லை. மடிக்கணினியைச் சுற்றி நின்றோம். படத்தில் ஒவ்வொரு பள்ளமாக விரல் வைத்தோம். ஒரு பெயர் சொல்லப்படும். வயது சொல்லப்படும். நஜ்மாக்காரர் போனில் ஒரு பெயர் சொன்னார். ஐந்தாவது பள்ளத்தில் நான் விரல் வைத்தேன். என் தம்பி சுதன். இருபத்திரண்டு வயது. அவன் அங்கே கிடப்பதை இந்த நாட்டில் நான் யாருக்கும் சொன்னதில்லை. ஜெசிந்தாவுக்கு மட்டும் தெரியும். மண் போட அவளும் கை கொடுத்தாள்.

ஆண்டு முடிந்தது. பணம் திரும்பிப் போனது. எந்த நாட்டுக்கு, எந்த ஊருக்கு என்று தெரியாது. அங்கே நல்லபடியாகக் கட்டியிருப்பார்கள் என்று நம்புகிறேன். நீதிமன்றத்துக்கு அறிவித்ததாக ஊர்க் குழு சொல்கிறது. இதை எழுதும்வரை ஒரு மண்வெட்டியும் அங்கே இறங்கவில்லை.

அன்று எண்ணியவற்றில், இரண்டு பேராவது உறுதி சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

மூடப்பட்ட பங்கர்கள் ஒன்பது. உள்ளே இருப்பவர்கள் பதினான்கு பேர். ஆண்கள் நான்கு. பெண்கள் ஐந்து. பிள்ளைகள் ஐந்து. பதின்மூன்று பேருக்குப் பெயர் உண்டு. பதினான்காவது பிறந்து சில நாளான குழந்தை. பெயர் வைத்திருக்கவில்லை. தாயும் அதே குழியில். கரையில் விட்டு வந்த வள்ளங்களில் ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. கட்டப்படாத ஒரு மீன் இறங்குதுறை. ஓர் ஐஸ் அறை. மகனோடு ராசன் இருந்திருக்கக்கூடிய இரண்டு வருடங்கள்; அவன் விசாவைப் புதுப்பித்துவிட்டான்.