யாழினியின் பதில்கள்

ஹெட்செட்டை மாட்டினால் எனக்குத் தலை சுற்றும் சார். நான் விற்றதே அதற்குள் இருக்கிற உலகத்தைத்தான் என்றால் சிரிப்பீர்கள்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் எங்கள் அலுவலகம். ஸ்ரீரங்கத்து வீதிகளையும் காவிரிக் கரையையும் கணினிக்குள் அப்படியே கட்டியிருந்தோம். உட்கார்ந்த இடத்திலேயே வீதியில் நடக்கலாம், கடைகளில் வாங்கலாம் என்பது திட்டம். கடைக்காரர்கள் வந்து பார்த்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். ஒருவரும் அதில் கடை போட முன்வரவில்லை.

அப்போதுதான் ஜீயபுரத்திலிருந்து மலர்க்கொடி அம்மா வந்தார். அவருடைய ஒரே மகள் யாழினி, ஆடிப்பெருக்கு சமயத்தில் ஆற்றோடு போய்விட்டாள். போனில் இருந்த வீடியோக்களைக் காட்டி, "அவ நடக்கற மாதிரி மட்டும் பண்ணிக் குடுங்க தம்பி, போதும்" என்றார். பண்ணிக் கொடுத்தேன். பிறகு பேசவும் வைத்தேன். எங்களிடம் வேலை பார்த்த சுபஸ்ரீ கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதிலைத் தட்டுவாள். அது யாழினியின் குரலில் அந்த அம்மாவுக்குக் கேட்கும். தினமும் பஸ் ஏறி வந்தார். கடைத்தெருவுக்கு வராதவர்கள் இதற்கு வருவார்கள் என்று எனக்குப் பிடிபட்டது.

அவர் கணவர் ராசப்பன் ஒருநாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுல அடுப்பே பத்த வைக்கறதில்லைங்க. எம் பொண்ணு செத்துட்டான்னு அந்தக் குரலையே சொல்லச் சொல்லுங்க." அதைக் கேட்டு சுபஸ்ரீ அழுதாள், அன்றே வேலையை விட்டாள். சொல்லிவிடுகிறேன் என்று அவரை அனுப்பினேன். ஆனால் அந்த வாரம்தான் முதலீடு செய்கிறவர்கள் சென்னையிலிருந்து வருவதாக இருந்தது.

வந்தவர்கள், சுபஸ்ரீயின் இடத்தில் உட்கார்ந்திருந்த என் பின்னால் நின்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலர்க்கொடி அம்மா சொன்னார்: "அப்பா ரொம்ப அழறாரு கண்ணு. இனிமே அம்மா வரல."

நான் வேறென்ன செய்ய முடியும்? "என்னைத் தனியா விட்டுட்டுப் போறியாம்மா? நீயும் இங்கயே வந்துடு" என்று தட்டினேன்.

ஹெட்செட்டை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எப்படிடி வர்றது?"

பதில் தாமதமானால் பின்னால் நிற்பவர்கள் கோளாறு என்று நினைப்பார்கள். "நான் வந்த மாதிரியே" என்று தட்டினேன். அவர் கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை.

வெளியே வந்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வரேன் தம்பி" என்றார். ராசப்பனின் எண் என் போனில் இருந்தது. வந்தவர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள், நடுவில் போனை எடுப்பது மரியாதையாகப் படவில்லை. மறுநாள் அந்த அம்மா கம்பரசம்பேட்டைப் பக்கம் காவிரியில் கரை ஒதுங்கினார்.

புகார் கொடுத்தது சுபஸ்ரீதான், தெரியும். ராசப்பன் என்னோடு சண்டைக்கு வரவில்லை. கருமாதி முடிந்ததும் வந்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவ குரலை ஒரு தடவை கேக்கணும் தம்பி." அந்த அம்மா இத்தனை மாதம் பேசியதெல்லாம் எங்களிடம் பதிவாகி இருந்தது. அழுகிற மனிதரை எப்படித் திருப்பி அனுப்புவது? இப்போது அவர் தினமும் வருகிறார். மனைவியாகவும் மகளாகவும் நானே பதில் தட்டுகிறேன் சார். அந்தக் குடும்பத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?