முறையாப் பைத்தியம் புடிக்கலையாம்

...இல்ல சார், நான் கேக்குறேன், ஒடம்புக்கு முடியலைன்னா நம்புறாங்க, மனசுக்கு முடியலைன்னா மட்டும் நடிச்சுக் காட்டணுமா? என் வீட்டுக்காரி சொல்றா, "இது வியாதி இல்ல, சோம்பேறித்தனம். பைத்தியம்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" தெரியும் சார், நல்லாவே தெரியும். நான் பண்ணிக் காட்டினதைத்தானே தியேட்டர்ல உக்காந்து பாத்தா.

என்ன, எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கா? நானேதான். படத்துல பைத்தியம்னா என்னத்தான் கூப்பிடுவாங்க. கிழிஞ்ச சட்டை, மூஞ்சில கரி, கழுத்துல டப்பா மூடி மாலை. வசனம் கெடையாது. தலைய ஒரு பக்கமா சாய்ச்சு ஒரு சிரிப்பு, அவ்ளோதான். விளக்குக் கம்பத்துக்கு சல்யூட் அடிப்பேன் பாருங்க, அது டைரக்டர் சொன்னதில்ல, என் சொந்தச் சரக்கு. ஹீரோ என்னத் தள்ளிவிட்டுட்டுப் போவாரு, ஜனம் வுழுந்து வுழுந்து சிரிக்கும். அந்த மாதிரி ஒருத்தர நான் பக்கத்துல பாத்தது கூட இல்ல சார், அது வேற விஷயம். எனக்கு முன்னாடி நடிச்சவரப் பாத்துக் கத்துக்கிட்டேன். அவரு யாரப் பாத்தாரோ.

இப்ப எனக்கே வந்திருக்கு. ஆனா எப்படி வந்திருக்கு... ஒண்ணுமே பண்ண முடியல. கட்டில விட்டு எந்திரிக்க முடியல. சட்டைக்குப் பட்டன் போடுறதுக்குள்ள அழுகை வந்துடுது. டீ ஆறி ஆடை கட்டுது, நான் அதையே பாத்துக்கிட்டு இருக்கேன். இருந்து என்னத்துக்குன்னு தோணுது சார். வீட்ல சொன்னேன். மாமியார் என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, "சட்டை கிழியலையே"ங்குறாங்க.

மச்சான் ஒருத்தர் இருக்காரு, வீட்டுக்காரியோட அண்ணன், தங்கமான மனுசன். அவரு மட்டும் நம்புனாரு. நம்புனதோட நின்னாரா? தலையில ஒரு அடி வுழுந்தா தெளிஞ்சுடும்னு கிரிக்கெட் மட்டையோட என் பின்னாடியே சுத்துறாரு. எல்லாப் படத்துலயும் அப்படித்தானே தெளியுது. அதுவும் பாசமா, "வலிக்காம அடிக்கிறேன் மாப்ள, சித்த திரும்பி நில்லு"ங்குறாரு. நான் பாத்ரூமுக்குக் கூட முதுக சுவத்துல ஒட்டிக்கிட்டுத்தான் போறேன்.

கடைசில வெறுத்துப்போய், சரி, இவங்களுக்குப் புரியிற மாதிரியே சொல்வோம்னு கூடத்துல நின்னு, கரியப் பூசிக்கிட்டு, அந்தச் சிரிப்பச் சிரிச்சேன். சல்யூட்டும் அடிச்சேன். கை தட்டுறாங்க சார். வீட்டுக்காரி கண்ணத் தொடச்சுக்கிட்டு, "அப்பாடா, பழையபடி ஆயிட்டீங்க"ங்குறா.

யாரக் குத்தம் சொல்ல? எங்க தெருவுல ஒரு தையக்காரம்மா. மனசு சரியில்லாம ஆஸ்பத்திரில இருந்துட்டு, நல்லபடியா திரும்பி வந்து, பழையபடி தைச்சுக்கிட்டு இருந்துச்சு. தெருப் பசங்க அத மறிச்சு, "கம்பத்துக்கு சல்யூட் அடி"ன்னாங்க. நான் மாடில நின்னு பாக்குறேன். என்ன பண்ணேங்குறீங்க? நம்ம ஐட்டம் இவ்ளோ தூரம் போயிருக்கேன்னு பூரிச்சுப் போனேன் சார். வெக்கங்கெட்ட பய நான். இப்ப எனக்கு முடியலைன்னு அந்தம்மா வீட்டு வாசல்லதான் போய் நின்னேன், அதுதான் இந்த டாக்டர் அட்ரஸே குடுத்துச்சு. ஜன்னல் வழியாக் குடுத்துச்சு. கதவத் தொறக்கல.

அது கெடக்கட்டும், ஒரு சின்ன ஒத்தாசை சார். வீட்லேர்ந்து ஒருத்தர் கூட வரணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க ரெண்டு நிமிஷம் உள்ள வந்து, சித்தப்பா பையன்னு சும்மா ஒரு வார்த்த... ஏன் சார் தள்ளித் தள்ளிப் போறீங்க? பெஞ்சு முடிஞ்சுபோச்சு, வுழுந்துடப் போறீங்க. நீங்களும் இந்த டாக்டரப் பாக்கத்தானே வந்திருக்கீங்க? அதே சீட்டுத்தானே கையில? நமக்குள்ள என்ன சார்... சார், செருப்ப விட்டுட்டுப் போறீங்களே... சார்...

இல்லம்மா, நான் ஒண்ணும் பண்ணல நர்சம்மா, பேசிக்கிட்டுத்தான் இருந்தேன். அவரு மேலயும் தப்பில்ல. நான் நடிச்சத நானும்தான் பாத்திருக்கேன், அவரு எடத்துல நான் இருந்தா பெஞ்சுல உக்காந்தே இருக்க மாட்டேன்.

கூட வந்தவங்களா? யாரும் இல்லம்மா. தனியாத்தான் வந்திருக்கேன். ரொம்ப முடியலம்மா... உள்ள வரட்டுமா?