நாலு விரல் நீளம்

அக்கா: இன்னொரு தடவ அள.

தம்பி: ரெண்டு தடவ அளந்தாச்சுக்கா. நாலு விரல் கூடுது.

அக்கா: போன வருஷம் கூடலையே? படுத்துத் தூங்கி வளர்ந்துச்சா என் படகு?

தம்பி: போன வருஷம் யாரு அளந்தா? பாய்மரம் கட்டினவன் எல்லாம் பந்தயத்துல இறங்கினான்.

அக்கா: அதான்டா நம்ம பந்தயம். வீட்ல கட்டினதோ, கடையில வாங்கினதோ... ரெண்டு ஓடத்தச் சேர்த்துக் கட்டின ரெட்டைப் படகா இருந்தா வரலாம். இப்ப என்ன திடீர்னு?

தம்பி: படகு விக்கற கம்பெனி இருக்கே, அவங்க படகு என்ன நீளமோ அதுதான் நீளமாம். ஒரு விரல் கூடினாலும் நாளைக்கு வெளிய. கமிட்டி முடிவுக்கா. நான் வெறும் அளக்கறவன்.

அக்கா: கோப்பை யாரு குடுக்கறா?

தம்பி: கம்பெனி.

அக்கா: பந்தல்?

தம்பி: அதுவும்... அதுக்காக...

அக்கா: கையில இருக்கற டேப்?

தம்பி: கம்பெனி குடுத்ததுதான். டேப்புக்கு என்ன வாயா இருக்கு, பொய் சொல்ல?

அக்கா: பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாடி என் டேப் கிடக்கு. ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பாரு.

தம்பி: உன் சந்தேகம் இருக்கே... இந்தா, கோட்டுக்குக் கோடு சரியா இருக்கு. போதுமா?

அக்கா: அப்ப படகுதான் நீளம்.

தம்பி: அதத்தானே தொண்டை கிழியக் கத்தறேன்!

அக்கா: கத்தின. ஆனா ஆச்சரியப்படலையே.

தம்பி: என்னது?

அக்கா: டேப்ப விரிக்கறதுக்கு முன்னாடியே "நீளந்தான்கா இடிக்கும்"னு சொன்ன. அகலத்தப் பத்திக் கவலையே படல.

தம்பி: ச்சே, ஏதோ வாய்ல வந்துச்சு... அது கிடக்கட்டும், மத்தவங்க படகெல்லாம் ஏன் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்க?

அக்கா: மழை வரும்.

தம்பி: வானம் பளிச்சுனு கிடக்கு!

அக்கா: வரும்டா.

தம்பி: பிசின் வாடை வேற மூக்கத் துளைக்குது.

அக்கா: படகுப் பட்டறைல பூ வாசமா வரும்? பேச்ச மாத்தாத. வீட்லயே படகு கட்ட, அந்தப் பழைய கம்பெனி படகு மேல கயிறு போட்டு அளவெடுத்தோமே, ஞாபகம் இருக்கா?

தம்பி: இருக்கு... லேசா.

அக்கா: நைலான் கயிறு. படகு மேல சும்மா தொளதொளன்னு போட்டு வெட்டினோம். பலகையில குறிக்கறப்ப நீ ஒரு முனை, நான் ஒரு முனை...

தம்பி: நீதான் "இழுடா, சோறு திங்கலையா"ன்னு விரட்டின.

அக்கா: ஆமா, நான்தான். கயிறு நீண்டுக்கிச்சு. அதே கயிறு வெச்சுத்தான் எல்லாருக்கும் குறிச்சுக் குடுத்தோம். எல்லாப் படகும் ஒண்ணுபோல நீளம், அதனால எவனுக்கும் தெரியல. தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்குத்தான்.

தம்பி: அதுக்கு?

அக்கா: நீளத்துல கைவெச்சா வீட்டுப் படகு மொத்தமும் காலின்னு கம்பெனிக்காரன் கனவா கண்டான்?

தம்பி: யாராவது கண்ணால அளந்து சொல்லியிருப்பாங்க...

அக்கா: என்னப் பாத்துச் சொல்லு.

தம்பி: பாத்துட்டுத்தானே இருக்கேன்.

அக்கா: என் காதப் பாக்கற. சரி, இந்த வேக்காட்டுல ரெண்டு சட்டை எதுக்குப் போட்டிருக்க?

தம்பி: காத்து... கடக்காத்து ஒத்துக்கல.

அக்கா: மேல் சட்டையக் கழட்டு.

தம்பி: அக்கா...

அக்கா: கழட்டுடா.

தம்பி: ...இந்தா. உள்ள இருக்கறது கம்பெனி சட்டைதான். புதுப் படகுல நாளைக்கு என்னைச் சுக்கான் பிடிக்கக் கூப்பிட்டாங்க. எத்தன வருஷமா உன் படகுலயே தண்ணி இறைச்சிட்டு இருக்கேன்... பேச்சுவாக்குல கயித்துக் கதையச் சொல்லிச் சிரிச்சேன்கா. அவங்க சிரிக்கல. அடுத்த வாரமே ரூல் வந்துடுச்சு. சத்தியமா உங்கள வெளிய தள்ளணும்னு நினைக்கல.

அக்கா: போய் தார்ப்பாயத் தூக்கு.

தம்பி: எதுக்கு... அடடா! எல்லாத்துக்கும் பின்பக்கம் புதுசா இருக்கு!

அக்கா: ரூல் வந்த அன்னைக்கே ரம்பத்த எடுத்து நாலு விரல் அறுத்து, பிசின் பூசி மூடிட்டோம். நாளைக்கு எல்லாரும் வருவாங்க. என்னுத மட்டும்தான் அறுக்காம வெச்சேன், நீயா வாயத் திறக்கறியான்னு பாக்க... வா, ரம்பத்தோட அந்த முனையப் பிடி. சட்டையில தூள் படும், அதையும் கழட்டிட்டு வா.