முதுகுல போட்ட ஊசி

இல்ல சிஸ்டர், ஒண்ணும் தெரியல. வயித்துல கை வச்சு, இறுகுது, இப்ப முக்கும்மான்னு நீங்க சொன்னாதான் எனக்கே தெரியுது. முக்குறேனே. எங்க முக்குறேன்னுதான் புரியல. காலா இது, யாரோ இறக்கி வச்சுட்டு மறந்துட்டுப் போன மூட்டையாட்டம் கிடக்கு. ஒருபக்கம் மூத்திர டியூப்பு, ஒருபக்கம் டிரிப்ஸு, வயித்தச் சுத்தி பெல்ட்டு. இதுல கதவ வேற சாத்திட்டீங்க. நான் என்ன எழுந்து ஓடவா போறேன்?

மூணாவது புள்ள, இந்நேரம் வந்திருக்கணும்ங்கிறீங்க. முன்ன ரெண்டும் அப்படித்தான். நான் போட்ட கூச்சல்ல, டாக்டரம்மா கையுறை மாட்டுறதுக்குள்ள வந்துடுச்சுங்க. அப்ப இந்த முதுகு ஊசி இல்ல. இது போட்டா முக்கணும்ங்கிற உணர்வு மட்டுப்படும், கொஞ்சம் இழுக்கும்னு ஊசி போட்ட டாக்டரே சொன்னாரே. நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க.

ஊசி நான் கேக்கல. அண்ணிதான், என் வீட்டுக்காரரோட அக்கா. வெளிய புதுத் துண்டோட உக்காந்திருக்காங்களே, அவங்க. உனக்கு ஒரு பொட்டு வலி இருக்கக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. நல்லவங்கதான், குத்தம் சொன்னா என் வாய் அழுகிடும். அவங்களுக்குப் புள்ள இல்ல, எனக்கு ரெண்டு இருக்கு. இத அவங்களுக்குக் குடுத்துடுறதுன்னு வீட்ல பேசி முடிச்சாச்சு. இவரு சாப்பிட்டுக்கிட்டே சரின்னுட்டாரு. நான் தண்ணிச் சொம்போட நின்னுக்கிட்டு இருந்தேன். என்னை யாரு கேட்டா? வலிக்காம பெத்தா ஒட்டுதல் வராதுன்னு அவங்களுக்கு எவ சொல்லிக் குடுத்தாளோ.

ஐயோ, உங்க கைய நசுக்கிட்டனா? ஒண்ணுமில்ல, பழக்கதோஷம். அழலயே. வேர்வ அது.

டாக்டரம்மாவக் கூப்பிடணுமா? ஆயுதம் போட்டு எடுப்பாங்களா? புள்ளத் துடிப்பு நல்லாத்தான இருக்கு, மிஷின்ல டகடகன்னு கேக்குதே. கொஞ்சம் பொறுங்க சிஸ்டர். கூப்பிடாதீங்க.

கதவு நல்லா சாத்தித்தான இருக்கு? அந்த ஊசி மருந்தோட மரமரப்பு எப்பவோ விட்டுப்போச்சு. நீங்க கை வைக்கிறதுக்கு முந்தியே எனக்குத் தெரியுது. இடுப்பு ஒடியுது. முக்குற மாதிரி மூஞ்சிய மட்டும் வச்சுக்கிட்டு, அடக்கிக்கிட்டுக் கிடக்குறேன். உள்ள இருக்குற வரைக்கும்தான் இது என் புள்ள.

இந்தா, மறுபடி வருது. முக்குன்னு சொல்லாதீங்க.