பத்து பத்து வண்டி

சர்ர்ர்... சர்ர்ர்... இப்பவும் கேக்குது பாருங்க எனக்கு. மர ஸ்கேல் ஓரமா பென்சில் இழுக்குற சத்தம். இருபத்தாறு வருஷம் ஆச்சு... உங்களுக்கு எங்க கேக்கும், விடுங்க. நான் எதுல விட்டேன்? ஆங், பலகை! அந்தப் பலகையப் படிங்கம்மா. 'விடுமுறை நாட்களில் பேருந்துச் சேவை சீரமைக்கப்பட்டுள்ளது.' சீரமைப்பாம்! பல்லப் பிடுங்கிட்டு வாயச் சீரமைச்சிருக்கோம்னு சொல்ற மாதிரி.

உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க? நின்னா வண்டி சீக்கிரம் வருமா? கழுத்த நீட்டி நீட்டிப் பாக்காதீங்க, சுளுக்கிக்கும். இருபத்தேழாம் நம்பர் இனிமே பதினோரு மணிக்குத்தான். அதுக்கு முந்தினது ஒன்பது இருபதுக்குப் போயிடுச்சு. நடுவுல? நடுவுல காத்து வாங்கணும். எதிர்ல பூட்டுன பேங்க், பக்கத்துல பூட்டுன மருந்துக்கடை, இங்க நாம ரெண்டு பேரு. லீவு நாளாச்சே, ஊரே சந்தோஷமா இருக்கு!

எனக்குக் கோவம் வண்டி மேல இல்லம்மா. இந்த பாஸ் மேல. இந்தாங்க, பாருங்க. நீலக் கலர்ல எவ்ளோ லட்சணமா இருக்கு! 'மூத்த குடிமக்கள் கட்டணமில்லாப் பயண அட்டை.' படிக்கறப்பவே கண்ணுல தண்ணி வருதா? இருங்க, திருப்பிப் பாருங்க. பின்னாடி எறும்பு சைஸ்ல எழுதியிருக்கு. 'காலை பத்து மணிக்கு முன் செல்லாது.' ஏன்னா அது கூட்ட நேரமாம். வேலைக்குப் போறவங்களுக்கு நாங்க இடைஞ்சலாம். சரி, வாஸ்தவம்தான், ஒத்துக்குறேன். ஆனா லீவு நாள்ல எந்த ஆபீஸுக்கும்மா ஓடுறாங்க? இன்னைக்கு ஒன்பது இருபது வண்டில டிரைவர், கண்டக்டர், நான், அப்புறம் ஜன்னல் ஓரமா யாரோ மறந்துட்டுப் போன ஒரு குடை. இவ்ளோதான் கூட்டம். அந்தக் குடைக்கு நான் இடைஞ்சலா?

கண்டக்டர் சின்னப் பையன். 'பாட்டிம்மா, பத்துக்கு மேலதான் இது செல்லும், டிக்கெட் எடுங்க'ன்னான். பாட்டிம்மாவாம். பாட்டியும் வேணும், அம்மாவும் வேணும், ஆனா சும்மா கூட்டிட்டுப் போக மாட்டான். நான் கேட்டேன், 'தம்பி, இந்த விதிய எழுதினப்ப நீ பொறந்தியா?' அவன் சிரிக்கறான். 'எனக்கு என்னம்மா தெரியும், மேல சொல்றத நான் செய்யறேன்.' மேலன்னா எங்க? மூணாவது மாடி! அதச் சொல்லவே இல்லையே உங்களுக்கு... வயசானவங்களுக்கு பாஸ் குடுக்குற பிரிவு மூணாவது மாடில இருக்கு. லிப்ட்ல 'பழுது'ன்னு ஒரு அட்டை தொங்குது. அந்த அட்டையே மஞ்சளாப் போயிடுச்சு, அதுக்கே ஒரு பாஸ் குடுக்கலாம். வருஷா வருஷம் ஏறணும். வருஷா வருஷம் வயசுக்கு அத்தாட்சி காட்டணும். போன வருஷம் எழுபது ஆனவ இந்த வருஷம் அம்பத்தெட்டா குறைஞ்சுடுவாளோன்னு அவங்களுக்குச் சந்தேகம். மூணு மாடி ஏறி மூச்சு வாங்க நிக்கிறேன், அந்தப் பொண்ணு போட்டோவயும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்குது. 'இதுல இருக்கற மாதிரி இல்லையே நீங்க.' கீழ இருக்கறப்ப அப்படித்தாம்மா இருந்தேன்னேன்.

என்ன? டிக்கெட் எடுத்துட்டு ஒன்பது இருபதுலயே போயிருக்கலாம்ல... அதானே கேக்கறீங்க? கேப்பீங்க. எல்லாரும் கேப்பீங்க. முப்பத்திரண்டு வருஷம் அதே போக்குவரத்து ஆபீஸ்ல குப்ப கொட்டினவம்மா நான். கால அட்டவணைப் பிரிவு. நான் டிக்கெட் எடுக்கறதா? அந்தப் பையன் கிட்டயா? 'நிறுத்துப்பா வண்டிய'ன்னு சொல்லி இறங்கிட்டேன். இறங்குறப்ப ராணி மாதிரிதான் இறங்கினேன். வண்டி போன அப்புறந்தான் முட்டி வலிச்சுச்சு.

போன் வந்தது அதுக்கப்புறம். ஒன்பதே முக்காலுக்கு. முன்னாடி வந்திருந்தா... சரி, வரல.

பாலத்துக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லம் இருக்குல்ல, மஞ்சக் கட்டடம், அங்கேர்ந்து நர்ஸ் பேசினாங்க. எங்கக்கா அங்க இருக்கா, அவளப் பாக்கத்தான் காலைலயே கிளம்பினேன். ஒரு பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. நேத்து மத்தியானத்துலேர்ந்து வாயத் திறக்கலியாம். என் கையால குடுத்தா வாங்கிக்குவா, வேற யாரு குடுத்தாலும் பல்லக் கடிச்சுக்குவா. சின்ன வயசுலேர்ந்தே பிடிவாதம், என் கூடப் பொறந்தவளாச்சே, வேற எப்படி இருப்பா? 'பதினொண்ணுக்குள்ள வந்து ரெண்டு ஸ்பூனாவது குடுத்துடுங்கம்மா, இல்லன்னா டாக்டர் மூக்குல குழாய் போடச் சொல்லிட்டார். பதினொண்ணுக்கு மேல கேட்டப் பூட்டிடுவோம், இன்னைக்கு லீவு'ன்னாங்க. குழாய் போட்டா அப்புறம் எடுக்க மாட்டாங்கம்மா. பக்கத்துக் கட்டில்ல பாத்திருக்கேன். கையக் கட்டி வச்சிருக்காங்க அந்தம்மாவுக்கு, பிடுங்கிடக் கூடாதுன்னு.

அதான் இந்த ஸ்பூன். எப்பவும் கைப்பைல துணில சுத்தி வச்சிருப்பேன். எங்க வீட்டு ஸ்பூன், விளிம்புல நசுங்கி ஒரு சொட்டை இருக்கும். அத உதட்டுல வச்சா அவளுக்குத் தெரியும்.

வாடகை வண்டியா? மூணு தடவ போன்ல தட்டிப் பாத்தேன். ஒரு வட்டம் சுத்துது, சுத்துது, 'அருகில் வாகனம் இல்லை'ங்குது. அதுக்கும் லீவு போல.

நீங்களும் அங்கதானா? அட... ப்ளாஸ்க்கப் பாத்தப்பவே நெனச்சேன். யாரு, அம்மாவா? எந்த வார்டு? அப்ப நமக்கு ஒரே வழிதான். உங்களுக்கும் தெரியாதா, லீவு நாள்ல பத்து பத்து வண்டி கிடையாதுன்னு? ஞாயித்துக்கிழமை இருக்குமே, அத நம்பி வந்துட்டீங்க. பாவம்.

எந்த மகராசன் இத வெட்டினானோங்கறீங்களா?

...

மகராசன் இல்லம்மா.

அந்தக் காலத்துல லீவு அட்டவணைன்னு தனியா ஒண்ணு கிடையாது. ஞாயித்துக்கிழமை என்ன ஓடுதோ அதான் லீவுக்கும். ஒரு நாள், மறுநாள் லீவு, சாயங்காலம் மூணே முக்கால். பெரிய சார் வந்தாரு. நாங்க அவருக்கு மீசைன்னு பேரு வச்சிருந்தோம், மீசையே கிடையாது அவருக்கு. 'மேலிடத்துல டீசல மிச்சம் பண்ணச் சொல்றாங்க, லீவுக்குன்னு தனி அட்டவணை போட்டு வச்சுட்டுப் போங்க. எந்த வண்டில ஆள் கம்மியோ அதப் பாத்து எடுத்துடுங்க'ன்னாரு. நாப்பத்தோரு ரூட்டு! பாத்து எடுக்கணும்னா செக்கர அனுப்பி ஆள எண்ணணும், ஒரு மாசம் ஆகும். வெளில கேட் கிட்ட எங்கக்கா நிக்கிறா, ரெண்டு சினிமா டிக்கெட்டோட. அவ வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தாரு, வருஷத்துல ஒரு நாள் அவளுக்கு விடுதலை. ஜன்னல் வழியாத் தெரியறா. கையத் தூக்கி வாட்ச்சக் காட்டுறா.

மர ஸ்கேல எடுத்தேன். சிவப்புப் பென்சில். ஞாயித்துக்கிழமை தாள்ல மூணாவது வரி, ஆறாவது வரி, ஒன்பதாவது வரி... சர்ர்ர், சர்ர்ர், சர்ர்ர்ர். நாப்பத்தோரு ரூட்டு, இருபது நிமிஷம். எந்த வண்டி எங்க போகுதுன்னு நிமிந்து பாக்கல. இருபத்தேழுல ஆறாவது வரி பத்து பத்து. கீழ அழகா எழுதினேன், 'பயணிகள் கணக்கெடுப்பின்படி.' எந்தக் கணக்கெடுப்பு? எங்கக்கா ஒருத்திதான் நின்னா வெளில, அவள வேணா எண்ணியிருக்கலாம். படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டோம்மா. நல்ல படம். ரெண்டு பேரும் அழுதோம்.

அப்புறம் என்ன, அந்த வருஷம் டீசல் சிக்கனத்துக்கு எனக்குப் பரிசு குடுத்தாங்க. சுவர்க் கடிகாரம்! மீசை கைதட்டுறாரு. அந்தத் தாள ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, இன்னைய வரைக்கும் அதான் ஓடுது. இந்தப் பலகைல ஒட்டியிருக்கு பாருங்க, அதேதான். நான் ரிட்டயர் ஆனேன், மீசை போய்ச் சேந்தாரு, ஸ்கேல் கோடு மட்டும் நிலைச்சு நிக்குது.

அப்படிப் பாக்காதீங்கம்மா.

ஒருத்தர் மட்டும் கண்டுபிடிச்சாரு. ஒரு பெரியவர். ஒவ்வொரு லீவு முடிஞ்சும் ஒரு கார்டு வரும். 'மதிப்பிற்குரிய கால அட்டவணை அவர்களுக்கு'ன்னு ஆரம்பிப்பாரு. போடுறவங்க பேரு தெரியாதுல்ல, அதனால அட்டவணைக்கே நேரா எழுதுவாரு. அவரு சம்சாரம் அந்த மஞ்சக் கட்டடத்துல இருந்தாங்க. 'பத்து பத்து வண்டி இருந்தால் நானும் அவளும் இருபத்தைந்து நிமிடம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது பாலத்தில் நடந்து வருகிறேன். ஆவன செய்யவும்.' நான் பதில் அடிப்பேன். 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.' பரிசீலனை... என்ன ஒரு வார்த்தை! பட்டு மாதிரி, தொட்டா வழுக்கும், பிடிச்சா கைல நிக்காது.

திருப்பிப் போட்டிருக்கலாம்தான். ஒரு வரி. ஆனா போட்டா கேப்பாங்கல்ல, 'கணக்கெடுத்துத்தானே எடுத்தீங்க, அந்தப் பேப்பர் எங்க'ன்னு? கடிகாரத்தத் திருப்பிக் கேட்டுட்டா என்ன பண்றது? நாலு வருஷம் பரிசீலிச்சேன்.

இப்ப மணி என்ன... பத்து இருவத்தி நாலு. பதினோரு மணி வண்டி போய்ச் சேர பதினொண்ணு இருவத்தஞ்சு. என்னோட அட்டவணை, எனக்குத் தெரியாதா.

ஏம்மா... எந்திரிச்சுட்டீங்க? எங்க கிளம்பிட்டீங்க? பாலத்து வழியா... நடந்தேவா? முப்பது, முப்பத்தஞ்சு நிமிஷத்துல போயிடலாம், உங்க காலுக்கு முடியும். எனக்கு அந்த ஏத்தம் ஆகாது, பாதியில உக்காந்துடுவேன். என் மேல கோவமா? இருக்கட்டும், கோவத்துல நடந்தா சீக்கிரம் போயிடலாம்.

ஒரு நிமிஷம்! இத எடுத்துட்டுப் போங்க. இந்த ஸ்பூன. பெண்கள் வார்டு, கதவுலேர்ந்து மூணாவது கட்டில். மூணாவது... சரி. ஜன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருப்பா. எதுவும் பேசாதீங்க, இந்தச் சொட்டைய அவ கீழுதட்டுல படற மாதிரி வைங்க. நர்ஸ் கிட்ட சொல்லுங்க, தங்கச்சிதான் குடுத்தனுப்பினான்னு. தங்கச்சி வண்டிக்கு நிக்கிறான்னு. ரெண்டு ஸ்பூன் போதும்மா. ரெண்டே ரெண்டு.

போங்க, போங்க. நிக்காதீங்க.

என்னது? கேக்கல, சத்தமாச் சொல்லுங்க... அந்தப் பெரியவரா?

கடைசியா ஒரு கார்டு வந்துச்சும்மா. 'சென்ற விடுமுறை அன்று காலை பத்தே முக்கால் மணிக்கு என் மனைவி காலமானார். நான் பாலத்தில் இருந்தேன். ஆகவே என் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்.' கூடவே ஒரு கவர்ல அவரோட பாஸையும், இதே மாதிரி பத்து மணிக்கு முன்னாடி செல்லாத பாஸ், வச்சு அனுப்பிட்டாரு. இன்னும் ஏழு மாசம் செல்லும் அது.